பாதியில் நிற்கும் மாடி வேலைக்குத் தனி இன்ஜினீயர்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மாடி எடுக்கும் வேலை பாதியில் இருக்கிறது. பில்லர் ஏறியாகிவிட்டது, சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும். கம்பி ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா? பழைய அஸ்திவாரம் தாங்குமா? பில்லர் அடியில் ஜல்லி தெரிகிறதே, பரவாயில்லையா? இந்த நேரத்தில் கூப்பிட நாலைந்து வகை ஆட்கள் கிடைக்கிறார்கள்: தனியாகத் தொழில் செய்யும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், பிளான் போட்டுக் கொடுத்த இன்ஜினீயர், கான்கிரீட் டெஸ்டிங் லேப், சிமெண்ட் கம்பெனியின் டெக்னிக்கல் ஆள், போட்டோ அனுப்பினால் போனிலேயே பதில் சொல்லும் ஆன்லைன் ஆலோசகர். எல்லோரும் 'சைட் விசிட்' என்ற ஒரே பெயரில்தான் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் கிடைப்பது வேறு வேறு.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு முழுப் பலன் தருவது தனி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் நேர்வருகைதான். அதிலும் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் வந்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் வருகை. கான்கிரீட் போட்ட பிறகு வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதிக் கேள்விகளுக்கு ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும். கம்பி உள்ளே போய்விட்டது அல்லவா.

நல்ல இன்ஜினீயர் மேலே ஏறுவதற்கு முன் கீழே பார்ப்பார்

வந்தவுடன் படியேறி மாடிக்குப் போய், பில்லரை இரண்டு தட்டு தட்டிவிட்டு "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு சார்" என்று சொல்பவரை அத்தோடு அனுப்பிவிடலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி அஸ்திவாரம். பழைய ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இருந்தால் அதைக் கேட்பார். இல்லையென்றால் மூலைப் பில்லர் ஒன்று, நடுப் பில்லர் ஒன்று, இரண்டின் பக்கத்திலும் மூன்றடிக்கு மூன்றடி குழி தோண்டச் சொல்வார். ஒரே நாளில் எல்லாப் பில்லருக்கும் தோண்டக் கூடாது. ஒன்றைத் தோண்டி அளந்து, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து மூடிய பிறகுதான் அடுத்தது. ஃபுட்டிங்கின் (பில்லர் நிற்கும் அடிக் கான்கிரீட்டின்) அடிமட்டத்துக்குக் கீழே கடப்பாரை இறங்கவே கூடாது.

அளவு கிடைத்ததும் அங்கேயே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பில்லர் தாங்கும் பரப்பு 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தளம், சுவர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்குத் தோராயமாக 1 முதல் 1.2 டன். தரைத்தளக் கூரை, மாடிக் கூரை என இரண்டு தளம் என்றால் 24 முதல் 29 டன் வரை அந்தப் பில்லர் வழியாகக் கீழே இறங்கும். நம் ஊர்களில் சகஜமாகப் போடும் நாலடிக்கு நாலடி ஃபுட்டிங் ஏறக்குறைய 1.49 சதுர மீட்டர். மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்றால் சுமார் 22 டன்தான் கணக்கு வரும். மண் 10 டன்தான் தாங்கும் என்றால் 15 டன்னோடு முடிந்தது. தரைத்தளம் மட்டும் இருந்தவரை இந்த வீட்டுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. மாடி ஏறும்போதுதான் கணக்கு இடிக்கும். குழி தோண்டிப் பார்க்காமல் "தாங்கும்" என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போடாமல்தான் சொல்கிறார்.

கரிசல் மண் ஊர்களில் இன்னொரு படி அதிகம் பார்க்க வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். பழைய வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓர் அறை சேர்க்கும்போது பழைய கடைக்கால் ஆறடி ஆழத்திலும் புதியது மூன்றடியிலும் நின்றால் இரண்டும் ஒரே மாதிரி அசையாது. சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு வந்தே தீரும். அதைப் பூசிப் பூசி மறைப்பதில் பயனில்லை. பழைய சுவரோடு புதுச் சுவரைப் பல்லு விட்டுக் கட்டாமல், இடையில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, தெர்மோகோல் போன்ற அமுங்கும் பொருளை வைத்து, வெளிப்புறம் சீலன்ட் அடித்து இரண்டையும் தனித்தனியாக நிற்க விடுவதுதான் சரி. கட்டிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய அரை நாள் போதும். பூச்சு முடிந்த பிறகு என்றால் சுவரை அறுக்க வேண்டியிருக்கும். பாதி வேலையில் ஆளைக் கூப்பிடுவதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

பழைய வீடு பில்லர் வீடா, சுவர் தாங்கும் வீடா என்பதையும் அவர் தானாகவே கேட்க வேண்டும். சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய பழைய ஒன்பது அங்குலச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) என்றால் அதன்மேல் கான்கிரீட் மாடி ஏற்றும் பேச்சையே நிறுத்தச் சொல்பவர்தான் நல்ல இன்ஜினீயர்.

மொட்டை மாடியில் ஏற்றியிருக்கும் பாரம்

பலர் கவனிக்காத விஷயம் இது. இதை வந்த நிமிடமே கண்ணில் பிடிப்பவர் அனுபவசாலி. ஆட்கள் போய்வரும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் டிசைன் செய்வார்கள், வீட்டு அறைத் தளம் என்றால் 200 கிலோ. அந்த மாடியின் நடுவில் எம்-சாண்டை ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் அந்த இடத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு 1,600 கிலோ உட்காரும். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மணல் சுமார் நாலரை டன். மணலைக் கீழேயே வைத்துத் தேவைக்கு மட்டும் ஏற்ற வேண்டும். செங்கலை பீம் மேலேயும் சுவர் ஓரத்திலும் பிரித்துத் தாழ்வாக அடுக்க வேண்டும்.

அடுத்தது தட்டோடு. அதன் அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புச் சுருக்கி மூன்று அங்குலம் என்றால், ஓட்டையும் சேர்த்துச் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 150 கிலோ வரும். மாடியில் அறை வரப்போகிறது என்றால் வெயிலுக்கும் மழைக்கும் போட்ட அந்த அடுக்குக்கு இனி வேலையில்லை. பெயர்த்து எடுத்துவிட்டால் அந்த 150 கிலோ நமக்கு மிச்சம். சில மேஸ்திரிகள் அதை அப்படியே விட்டு, மேலேயே சுவர் வைத்துவிடுகிறார்கள். சுருக்கியின் மேல் சுவர் நிற்கக் கூடாது. சுவர் வரும் கோட்டிலாவது கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுத்தே ஆக வேண்டும்.

சுவரைப் பொறுத்தவரை ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி உயர ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1.4 டன். அதே உயரத்தில் எட்டு அங்குல ஏஏசி (எடை குறைந்த, காற்றறைகள் உள்ள கான்கிரீட்) பிளாக் சுவர், பூச்சோடு சேர்த்தே அரை டன்னைச் சற்றுத் தாண்டும். கீழே பீம் இல்லாத இடத்தில், வெறும் தளத்தின் நடுவில் சுவர் வரும்படி பிளான் போட்டிருந்தால் நல்ல இன்ஜினீயர் அந்தச் சுவரை நகர்த்தச் சொல்வார். முடியாது என்றால் ஏஏசி பிளாக்கில் நாலு அங்குலத்துக்கு மாற்றச் சொல்வார், அல்லது அடியில் பீம் கேட்பார். "மூணு பக்கம் பீம் இருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்று மேஸ்திரி சொன்னால், சுவர் அந்த மூன்றில் எதன் மேல் நிற்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

பாத்ரூமும் இதே கதைதான். பழைய தளத்தின் மேல் பாத்ரூம் கட்டும்போது பைப் போக ஓர் அடி உயர்த்தி உடைகல் நிரப்புவது வழக்கம். ஓர் அடி நிரப்பினால் சதுர மீட்டருக்கு 480 கிலோ. சுவரில் மாட்டும் கிளாசெட் வைத்து, பைப்பைச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோனால் உயரத்தை மூன்று, நாலு அங்குலமாகக் குறைக்கலாம். இதைச் சொல்லத் தெரிந்தவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் போகாது.

பில்லர் கம்பி: அதிகம் கோளாறாகும் இடம்

பின்னாளில் மாடி எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் நீட்டி விட்ட பில்லர் கம்பி வருடக்கணக்கில் மழையில் நனைந்திருக்கும். வந்தவர் கையில் கம்பி பிரஷும் வெர்னியரும் இருக்கிறதா பாருங்கள். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு விட்டத்தை அளக்க வேண்டும். மேல்துரு மட்டும் என்றால் தேய்த்துவிட்டு இணைக்கலாம். அரித்துப் போயிருந்தால் துண்டு வெட்டி எடை போட்டால் உண்மை தெரிந்துவிடும். 12 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 888 கிராம், 16 மி.மீ. 1.58 கிலோ இருக்க வேண்டும். எடை நன்றாகவே குறைந்திருந்தால் அந்தக் கம்பியை முழுசாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, பக்கத்தில் கூடுதல் கம்பி வேண்டும். துரு அதிகம் உட்காரும் இடம் தளத்தோடு கம்பி சேரும் கழுத்து. மேலே நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் அங்கே இரண்டு அங்குலம் கொத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு நீளம். பழைய கம்பியும் புதுக் கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிடிக்கும் 'லேப்' நீளத்துக்கு, எம்20 (28 நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் பலம்) கான்கிரீட்டிலும் 500 கிரேடு டிஎம்டியிலும் விட்டத்தைப் போல் 50 மடங்கு என்பது தளத்தில் எல்லோரும் வைத்திருக்கும் அளவு. 12 மி.மீ.க்கு 600, அதாவது இரண்டடி. 16 மி.மீ.க்கு 800, இரண்டடி எட்டு அங்குலம். ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி) கணக்கில் அழுத்தம் மட்டும் வரும் கம்பிக்கு 45 மடங்கு, இழுவை வரும் கம்பிக்கு 57 மடங்கு வரும். பல வீடுகளில் நீட்டி விட்டிருப்பதோ ஒன்றேகால் அடி. அதோடு அப்படியே கட்டிச் சென்ட்ரிங் அடித்திருந்தால் வேலையை நிறுத்துவதுதான் வழி. சரிசெய்ய மூன்று முறைகள் உண்டு. பில்லர் தலையைக் கொத்திப் பழைய கம்பியைத் தேவையான நீளத்துக்கு வெளியே எடுப்பது முதலாவது. செலவு குறைவு, ஆனால் பீம் சேரும் இடத்தைத் தொடாமல் எவ்வளவு கொத்தலாம் என்பதை இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, கப்ளர் (இணைக்கும் இரும்புக் குழல்) போட்டு முனைக்கு முனை இணைப்பது. மூன்றாவது, துளை போட்டு கெமிக்கல் ஆங்கர் பசையில் புதுக் கம்பி நடுவது.

மூன்றாவது முறையில் ஏமாற்றம் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். 12 மி.மீ. கம்பிக்குப் பொதுவாக 16 மி.மீ. துளை, 16 மி.மீ. கம்பிக்கு 20 மி.மீ. துளை. எவ்வளவு ஆழம் என்பதைக் கணக்குப் போட்டு எழுதித் தர வேண்டும். அரையடி ஓட்டை போட்டுப் பசை விட்டால் பில்லர் கம்பியாகிவிடாது. துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூளைக் காற்று அடித்து, கம்பி பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடியும் காற்று அடித்து, இப்படி மாற்றி மாற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனை முறை என்பது பசை டியூபோடு வரும் தாளில் இருக்கும். தூள் இருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். கம்பியைக் கையால் இழுத்தே வெளியே எடுத்துவிடலாம். பசையைத் துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே மேலே வர வேண்டும், கம்பியைத் திருகியபடி செருக வேண்டும், தாளில் போட்ட நேரம் முடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. துளை போடுவதற்கு முன் உள்ளே பழைய கம்பி எங்கே ஓடுகிறது என்று ரீபார் லொக்கேட்டர் வைத்துக் குறித்தார்களா என்பதும் முக்கியம். புதுக் கம்பி நடப்போய்ப் பழைய கம்பியை அறுத்துவிட்டால் இருந்த பலமும் போச்சு. நட்டவற்றில் ஒன்றிரண்டையாவது இழுத்துப் பார்க்கும் 'புல் அவுட்' சோதனை செய்து தருவீர்களா என்று கேளுங்கள். தயங்குபவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ரிங் கம்பியையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கொக்கி உள்நோக்கி 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும், எல் மாதிரி 90-இல் நிற்கக் கூடாது. பில்லரின் மேல்முனையிலும் அடிமுனையிலும் ரிங் நெருக்கமாக வர வேண்டும். பீமும் பில்லரும் சேரும் முடிச்சுக்குள்ளும் ரிங் வேண்டும். கட்டச் சிரமம் என்று பெரும்பாலான தளங்களில் விட்டுவிடுவது அந்த இடத்தைத்தான்.

தளம் போடும் முந்தின நாள்

ஒரே ஒரு வருகைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்த வருகையை இந்த நாளுக்கு வையுங்கள். கம்பி முழுக்கக் கட்டி முடிந்திருக்கும், மிக்சர் இன்னும் வந்திருக்காது. தவறு இருந்தால் கட்டுக்கம்பியை அவிழ்த்துக் கட்டினால் போதும், செலவு கம்பி கட்டுபவரின் ஒரு நாள் கூலிதான்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது பால்கனியும் சன்ஷேடும். வெளியே தொங்கும் தளத்துக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வெளியே நீளும் அளவைப் போல் ஒன்றரை மடங்காவது உள்தளத்துக்குள் அது ஓடியிருக்க வேண்டும். ஐந்து அங்குலத் தளத்தில் மேல் கம்பி வேலை செய்யும் ஆழம் நாலு அங்குலம், 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் சட்டியோடு நடப்பவர்கள் அதை மிதித்து 40 மி.மீ. கீழே இறக்கிவிட்டால் மிஞ்சுவது 60. பலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடும், வெளியே ஒன்றுமே தெரியாது. அடியில் கம்பியாலான 'சேர்' மூன்றடிக்கு ஒன்று வைத்து, நடக்கப் பலகைப் பாதை போட்டால் தீர்ந்தது. இதை அவர் எழுதித் தருவதோடு நிற்காமல், கம்பிமேல் தானே ஏறி நின்று அமுங்குகிறதா என்று பார்ப்பாரென்றால் அவருக்கு முழு மதிப்பெண்.

கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் சிறு கட்டை) தளத்துக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, பில்லருக்கு 40. உடைந்த ஜல்லியை அடியில் செருகியிருந்தால் எடுத்துவிட்டு பிளாக் வைக்கச் சொல்வார். சென்ட்ரிங் முட்டு எதன்மேல் நிற்கிறது என்பதும் முக்கியம். ஐந்து அங்குலப் பச்சைக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 312 கிலோ. பலகையும் ஆட்களும் அதற்கு மேல். இத்தனையும் முட்டு வழியாகக் கீழே உள்ள பழைய தளத்தில்தான் இறங்கும். அதனால் பழைய தளத்துக்கு அடியிலும், அதாவது கீழ்வீட்டு அறைக்குள்ளும், மேலே முட்டு நிற்கும் அதே நேர்கோட்டில் முட்டு கொடுக்கச் சொல்ல வேண்டும். குடியிருக்கும் வீட்டில் ஹாலுக்குள் முட்டு நிறுத்தினால் சிரமம்தான். பத்துப் பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தண்ணீர் அளவை மேஸ்திரியின் முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும். எம்20-க்கு 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இதில் சேர்த்தி. கையில் எடுத்தால் வழிந்தோடும் கலவைதான் வேலைக்குச் சுலபம், ஆனால் அதுதான் பலவீனமும். இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் ஊற்றலாமே தவிரத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் நிறுத்த நேர்ந்தால் எந்தக் கோட்டில் நிறுத்துவது என்று முன்கூட்டியே சுண்ணாம்புக் கோடு போட்டுத் தருபவர் உண்மையிலேயே தளத்தில் வேலை பார்த்தவர். தளத்தை பீம் ஓரத்தில் நிறுத்தக் கூடாது, இடைத்தூரத்தின் நடுப்பகுதியில், பலகை வைத்து நேராக நிறுத்த வேண்டும்.

முட்டு எடுக்கும் நாளையும் அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். தளத்தின் இடைத்தூரம் 4.5 மீட்டருக்குள் என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டருக்குள் 14, அதற்கு மேல் 21. ஐ.எஸ். 456 சொல்லும் இந்த நாட்கள் ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கு. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த போர்ட்லேண்ட்). அது மெதுவாகத்தான் இறுகும், எனவே சில நாள் கூட்டித்தான் வைக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் பிபிசிக்கு 10 நாள் கட்டாயம், 14 நாள் நல்லது.

லேப் டெஸ்ட்: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

கான்கிரீட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, தரம் சந்தேகம் என்றால் முதலில் விற்க வருவது ரீபவுண்ட் ஹேமர் சோதனை. சுத்தியல் போன்ற கருவியை மேற்பரப்பில் அழுத்தினால் ஒரு எண் காட்டும், அதிலிருந்து பலத்தைக் கணிப்பார்கள். அந்தக் கணிப்பில் 25 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கும் என்று ஐ.எஸ். விதியே சொல்கிறது. 20 என்று ரிப்போர்ட் வந்தால் உண்மை 15 ஆகவும் இருக்கலாம், 25 ஆகவும் இருக்கலாம். வீட்டை இடிப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு இந்த எண் உதவாது. பழைய கான்கிரீட்டில் மேற்புறம் காற்றுப்பட்டு இறுகியிருப்பதால் எண் இன்னும் கூடுதலாகவே காட்டும். பத்துப் பில்லரில் எது மற்றவற்றைவிட மோசம் என்று பிரித்துப் பார்க்க மட்டும் நல்லது. இதை மட்டும் செய்து கலர் கலராக இருபது பக்க ரிப்போர்ட் தரும் சேவைக்கு எங்கள் மதிப்பெண் குறைவு.

அல்ட்ராசோனிக் சோதனை அதைவிட ஒரு படி மேல். உள்ளே பொந்து, தேன்கூடு (கலவை நிரம்பாமல் ஜல்லி மட்டும் நிற்கும் ஓட்டைகள்) இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

முடிவான பதில் வேண்டுமென்றால் கோர் எடுப்பதுதான், அதாவது கான்கிரீட்டை உருளையாக வெட்டி எடுத்து லேபில் உடைத்துப் பார்ப்பது. குறைந்தது மூன்று கோர். மூன்றின் சராசரி, அந்தக் கிரேடுக்கு உரிய பலத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. எம்20 என்றால் சராசரி 17, தனியொன்று 15. ஆனால் ஒன்பதுக்கு ஒன்பது பில்லரில் 75 மி.மீ. கோர் எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், கம்பி அறுபடும் ஆபத்தும் உண்டு. அதே நாள் அதே கலவையில் போட்ட தளத்திலோ பீமின் பாரம் குறைந்த இடத்திலோ எடுக்கலாம். எந்த இடம் என்பதை லேப் ஆள் முடிவு செய்யக் கூடாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் குறித்துத் தர வேண்டும். ஓட்டையைச் சுருங்காத கிரவுட் போட்டு அன்றே அடைத்துவிட வேண்டும். என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்களும், சிவில் துறை உள்ள இன்ஜினீயரிங் கல்லூரிகளும் இதைச் செய்கின்றன. கல்லூரியில் நாள் கொஞ்சம் இழுக்கும். ஆனால் கான்ட்ராக்டரோடு தகராறு என்று வந்தால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு அதிகம்.

இனி போடப்போகும் கான்கிரீட்டுக்கு இந்தச் செலவெல்லாம் தேவையே இல்லை. போடும் அன்றே 150 மி.மீ. கியூப் ஆறு எடுத்து, மூன்றை 7-ஆம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் உடைத்துப் பார்த்தால் போதும். கலவை மிக்சரிலிருந்து கொட்டும்போதே, நடுவில் எடுக்க வேண்டும். கியூபில் தேதியையும் இடத்தையும் நீங்களே எழுதி, லேபுக்கும் நீங்களே கொண்டுபோங்கள்.

மற்றவர்கள்

சிமெண்ட் கம்பெனிகளின் டெக்னிக்கல் ஆட்கள் டீலர் வழியாகக் கூப்பிட்டால் வருவார்கள், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. கலவை விகிதம், எம்-சாண்டில் தூள் எவ்வளவு, கியூப் எடுப்பது, க்யூரிங் ஆகியவற்றில் இவர்கள் சொல்வது நம்பத்தக்கது. மேஸ்திரிகளும் இவர்கள் சொன்னால் கோபப்படாமல் கேட்கிறார்கள். ஆனால் ஃபுட்டிங் தாங்குமா, பீமில் கம்பி போதுமா என்பது அவர்கள் வேலையல்ல. கேட்டால் நாகரிகமாக நழுவிவிடுவார்கள், அது சரியும்கூட.

பிளான் அப்ரூவல் வாங்கித் தந்த இன்ஜினீயர் அனுமதி விஷயத்துக்கு அவசியம். மாடி சேர்க்கப் புதிதாக அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட குடியிருப்புக்கு ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. வேலை பாதியில் இருக்கும்போது பிளானில் இல்லாத பால்கனியையோ அறையையோ சேர்க்க நினைத்தால் முதலில் இவரைத்தான் கேட்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் வந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். ஆனால் அப்ரூவல் பிளானில் இருப்பது அறையளவும் ஒதுக்கிடமும்தான், கம்பி கணக்கு அல்ல. 'அப்ரூவ்டு பிளான் இருக்கே' என்று சொல்லி ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இல்லாமல் மாடி ஏற்றுவது நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

ஆன்லைனில் போட்டோ பார்த்துச் சொல்பவர்களைத் தேன்கூடு, விரிசல் போன்றவற்றில் 'இது அவசரமா, இல்லையா' என்று பிரித்துக்கொள்ள மட்டும் பயன்படுத்தலாம். போட்டோவில் டேப் வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. கம்பி டிராயிங்கை வாட்ஸ்அப்பில் வாங்கி வேலை நடத்துவதை மட்டும் தவிருங்கள். உங்கள் மண்ணையும் பழைய ஃபுட்டிங்கையும் பார்க்காமல் போட்ட டிராயிங் அது.

ஃபீஸ், ரிப்போர்ட், மேஸ்திரி

ஒரு நேர்வருகைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். தூரத்தையும் ஊரையும் பொறுத்து மாறும். கணக்குப் போட்டு டிராயிங் தருவது தனிக் கட்டணம். பணத்தை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். கான்ட்ராக்டர் அழைத்து வந்து அவரே பணம் கொடுக்கும் 'இன்ஸ்பெக்‌ஷன்' ஆளின் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

வாங்க வேண்டியது வாய்ப்பேச்சு அல்ல, காகிதம். செய்து முடித்த வேலையில் எதை அப்படியே ஏற்கலாம், எதைச் சரிசெய்து ஏற்கலாம், எதை இடிக்க வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்த படம், அளவுகோல் தெரியும் போட்டோ, சரிசெய்யும் முறை, பொருளின் பெயர் இருக்க வேண்டும். கடைசியில் பதிவு எண், தேதி, கையெழுத்து. 'தேன்கூடு சரிசெய்யவும்' என்ற ஒற்றை வரி ரிப்போர்ட் வந்தால் திருப்பி அனுப்புங்கள். எவ்வளவு ஆழம் கொத்த வேண்டும், கம்பிக்குப் பின்னால் போக வேண்டுமா, கிரவுட்டா மைக்ரோ கான்கிரீட்டா, அதுவரை பீமுக்கு முட்டு வேண்டுமா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வெறும் சிமெண்ட் பாலை அடித்துத் தேன்கூட்டை மூடிவிடுவதுதான் தளத்தில் நடக்கும் வழக்கம். ஒரு வரி ரிப்போர்ட் அதற்கு வசதியாகிவிடும்.

மேஸ்திரியை எதிராளியாக்கிவிட்டால் மீதி வேலை கெடும். இன்ஜினீயர் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைத்து அழைத்து வராதீர்கள். "அண்ணே, பேங்க் லோனுக்கு ஒரு ரிப்போர்ட் கேக்குறாங்க" என்று பொய்க் காரணமும் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குறைகளை இன்ஜினீயரே மேஸ்திரியிடம், கம்பி கட்டுபவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காரணத்தோடு சொல்லட்டும். கை வேலையில் அவர்களுக்குத் தெரிந்தது இன்ஜினீயருக்குத் தெரியாமலும் இருக்கும். "இந்த இடுக்குல வைப்ரேட்டர் ஊசி இறங்காது சார்" என்று ஒரு கொத்தனார் சொன்னால், காது கொடுத்துக் கேட்டு அங்கே 12 மி.மீ. ஜல்லிக்கு மாற்றுகிற இன்ஜினீயர்தான் வேலை தெரிந்தவர். திருத்தத்துக்கான கூடுதல் கூலியை, எது ஒப்பந்தத்தில் அடங்கியது எது புதிது என்று பிரித்து, அதே தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாடி வேலைக்கு மொத்தம் நாலு வருகை பேசி வையுங்கள்: அஸ்திவாரக் குழி பார்க்க ஒன்று, பில்லர் கம்பி இணைத்ததும் சென்ட்ரிங் மூடுவதற்கு முன் ஒன்று, தளம் போடும் முந்தின நாள் ஒன்று, முட்டு பிரித்த அன்று ஒன்று. கடைசி வருகைவரை பூச்சு வேலையைத் தொடங்க விடாதீர்கள். பீமின் அடியில் தேன்கூடு இருந்தால் முட்டு எடுத்த அன்றுதான் தெரியும், பூசிவிட்டால் அதுவும் தெரியாது.